புதன்கிழமை பால் கறப்பது யார்

பெப்ரவரி 6, திங்கள்

நேற்று மதியம் கன்று ஈன்ற பசுவுக்கு இன்று காலை வரை இளங்கொடி விழவில்லை என்று இராசமலர் அக்கா ஆள் அனுப்பியிருந்தார். உதவியாளர் யோகதாசன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனார். தோள் வரை கையுறை போட்டுக் கொடியை எடுத்து முடிக்க வெயில் ஏறிவிட்டது. கிணற்றடியில் என் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடி இராசமலர் அக்கா, "டொக்டர், இந்த ஊருக்கு வந்த நாள் தொடக்கம் ஒரு நாளாவது வடிவாச் சாப்பிட்டனீங்களோ?" என்றார். புட்டும் தயிரும் தந்தார். மாற்றலாகி வந்த மூன்று மாதத்தில் என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர் அவர் ஒருவர்தான். பேச ஆளில்லாததால்தானே இதை எழுதவே தொடங்கினேன்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகன் மதுசன் யுத்தத்தின் கடைசிக் கிழமையில் சரணடையப் போனவன். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அவனுடைய படம் வீட்டுக்குள் இல்லை, மாட்டுக்கொட்டிலில் மாட்டியிருக்கிறது. பால் கறக்கும்போது எதிரே தெரிய வேண்டுமாம்.

என் தம்பி சேந்தனைப் பற்றி இன்று அவரிடம் சொன்னேன். தெற்கே தடுப்பு முகாமில் இருக்கிறான், வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை என்று. "உயிரோட இருக்கிறான் எண்டு தெரியுந்தானே" என்றார். குரலில் பொறாமை இல்லை. இருந்தாலும் திரும்பி வரும்போது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பிற்பகல் என் மிருக வைத்தியக் கந்தோருக்கு ஒருவர் வெள்ளை நாயொன்றைத் தூக்கி வந்தார். உண்ணிக் காய்ச்சல். நாயின் பெயர் சுது. அவருடைய பெயர் விஜித. சிங்களவர், ஆனால் வானொலிச் செய்தி போலத் தமிழ் பேசுகிறார். புதிய வங்கிக்குப் பின்னால் உள்ள அலுவலகத்தில் வேலையாம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஊசி போட்டு முடிந்ததும், "நன்றி, டொக்டர் தமயந்தி கனகரத்தினம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிப் பலகையில் என் பதவி மட்டும்தான் எழுதியிருக்கிறது.

பெப்ரவரி 9, வியாழன்

நாய்க்கு இரண்டாவது ஊசி. விஜித மழையைப் பற்றிப் பேசினார், நாயைப் பற்றிப் பேசினார், வேறொன்றும் கேட்கவில்லை. நாய் அவர் மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதன் காதைத் தடவிக்கொடுத்தபடி இருந்தார். கெட்டவராகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு யோகதாசன் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டே, "டொக்டர், இவர் ஆரெண்டு தெரியுமோ?" என்றார்.

"ஆர்?"

"எனக்கும் தெரியாது. ஆனா கடையில இவருக்கு மிச்சக் காசு குடுக்கிறவை எழும்பி நிண்டு குடுக்கினம்."

சீனிப் போத்தலில் எறும்பு. வெயிலில் வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 18, சனி

சேந்தனைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பஸ்ஸும் ஒரு இரவும். இந்த மாதத்துக்கு நான் இன்னும் விண்ணப்பமே எழுதவில்லை, அதற்குள் அனுமதி வந்திருந்தது. யாரோ தவறுதலாக அனுப்பியிருக்கலாம். தவறு என்று தெரிவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓடினேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் தமிழ் தெரிந்த காவலாளி. மேல் பல்லொன்று இல்லை.

"பல்லுக்கு என்ன நடந்தது?"

"விழுந்திட்டுது அக்கா."

காவலாளி எங்களைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேந்தன் நான் எந்தெந்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று கேட்டான். நேரம் முடியும் வரை மாடுகளைப் பற்றியே பேசினோம். அவன் சிரித்துச் சிரித்துக் கேட்டான். மாடுகளில் அவனுக்கு எப்போதுமே அக்கறை இருந்ததில்லை.

பெப்ரவரி 20, திங்கள்

சுது நன்றாகத் தேறிவிட்டது. சோறு தின்கிறது. ஊசி தேவையில்லை என்று சொல்லியும் விஜித நாயோடு வந்தார்.

"தம்பி எப்படி இருக்கிறார்?" என்றார்.

நான் அவரிடம் தம்பியைப் பற்றிச் சொன்னதில்லை. நிச்சயமாகச் சொன்னதில்லை. இரண்டு தரம் யோசித்துப் பார்த்தேன்.

"பல் விஷயம் எனக்குத் தெரியும். பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றார்.

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? அனுமதியும் அவர்தான் எடுத்துத் தந்திருப்பார் போலிருக்கிறது. ஏன் என்று விளங்கவில்லை. நாயைக் குணமாக்கியதற்கு நன்றிக்கடனாக இருக்கலாம். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 4, ஞாயிறு

ஒரு கிழமையாக விசர்நாய்த் தடுப்பூசி. வீடு வீடாகப் போகிறோம். யோகதாசன் நாயைப் பிடிக்க நான் ஊசி போடுகிறேன். முழங்கையில் ஒரு கடி, ஆழமில்லை.

விஜித வந்து தேநீர் குடித்தார். குளக்கட்டுப் பக்கம் எல்லா வீடும் முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்தது என்றேன். வெறும் வீடுகள் எத்தனை, புதிதாக ஆட்கள் வந்திருக்கும் வீடுகள் எவை என்று கேட்டார். அரசாங்க வேலையாகப் போய்ப் பார்த்ததை இன்னொரு அரசாங்க உத்தியோகத்தருக்குச் சொன்னேன். ஊருக்கே தெரிந்த விடயங்கள். கடைசி வீட்டில் துணி காயும் கொடியில் ஆண்பிள்ளையின் சாரம் காய்ந்தது என்று சொன்னேனா, சொல்லவில்லையா? சொன்ன ஞாபகம் இல்லை.

மார்ச் 5, திங்கள்

நேற்றுச் சொன்னதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 8, வியாழன்

இராசமலர் அக்காவின் பசுவுக்கு மடி வீக்கம் இல்லை, நல்ல பால். என்னைக் கொட்டிலுக்குள் கூப்பிட்டார். கொழும்புக்கு வெளிநாட்டுக்காரர் வருகிறார்களாம். பிள்ளைகளைத் தேடும் தாய்மார் பதினைந்து பேர் படங்களோடு போய் அவர்களைச் சந்திக்கப் போகிறார்களாம். ஒழுங்கு செய்வது இவர்தான்.

"நீங்களும் தம்பிக்காக வரலாந்தானே, டொக்டர்?"

"நான் அரசாங்க உத்தியோகம் அக்கா. வந்தா அவனுக்குத்தான் கூடாது."

"அதுவும் சரிதான்" என்றார். கோபிக்கவில்லை. யோகதாசன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அங்கே கேட்டிருக்குமா தெரியாது.

என்றைக்குப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அது நல்லதென்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 11, ஞாயிறு

இராசமலர் அக்கா தானே கந்தோருக்கு வந்தார். ஒரு சட்டி தயிர். புதனும் வியாழனும் மாடுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், பால் கட்டிவிடக் கூடாது என்று என்னிடமும் யோகதாசனிடமும் சொன்னார். யோகதாசன் தானே கறப்பதாக ஒத்துக்கொண்டார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 12, திங்கள்

மனம் குழம்பியிருக்கிறது. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

விஜித நாயில்லாமல் வந்தார். உட்கார்ந்ததும், "கொழும்புக்குக் கூப்பிட்டார்கள், நீங்கள் போகவில்லை என்றீர்கள். புத்தியான முடிவு" என்றார்.

கொட்டிலுக்குள் பேசியது. அங்கே இருந்தது நாங்கள் இருவர். கிணற்றடியில் யோகதாசன். வேறு யாரும் இல்லை.

அவர்கள் என்றைக்குப் போகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. பேச்சை மாற்றினார். சேந்தனை விடுதலைக்கு எடுத்திருக்கிறார்களாம், மேலிடத்தில் ஒருவர் சம்மதிக்க வேண்டியதுதான் மிச்சமாம். எப்போது, எப்போது என்று இரண்டு தரம் கேட்டேன். அவரே எழுந்து தண்ணீர் ஊற்றித் தந்தார்.

பிறகு மாடுகளைப் பற்றிப் பேசினோம். அவருடைய அம்மா வீட்டிலும் முன்பு மாடு இருந்ததாம். கன்று ஈன்ற பசுவை நேரத்துக்குக் கறக்காவிட்டால் மடிநோய் வரும் இல்லையா என்றார். ஓம் என்றேன். "பாவம் இராசமலர் அம்மா, தனி ஆள். வீட்டில் இல்லாத நாளில் யார் கறப்பது?" என்றார். அதற்கு ஒழுங்கு செய்தாயிற்று, புதன்கிழமை யோகதாசன் கறப்பார் என்றேன்.

மாட்டைப் பற்றிக் கேட்டார், மாட்டைப் பற்றிச் சொன்னேன்.

யோகதாசனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் என்னோடு வருகிறார். என் சாப்பாட்டுப் பெட்டியைக் கூடத் தூக்கி வருகிறார். இவர் எப்படி?

மார்ச் 14, புதன்

தாய்மார் போன பஸ்ஸை சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். பின்னேரம் பதினாலு பேர் நடந்து திரும்பினார்கள். இராசமலர் அக்கா வரவில்லை. அவரை மட்டும் ஒரு வான் வண்டியில் ஏற்றிப் போனதாகச் சொல்கிறார்கள். வானுக்கு இலக்கத் தகடு இல்லையாம்.

யோகதாசன் போய்ப் பால் கறந்தார். நானும் போனேன். பசு காலைத் தூக்கித் தூக்கி அடித்தது.

மார்ச் 15, வியாழன்

"ஆர் சொல்லியிருப்பினம் டொக்டர்?" என்று யோகதாசன் என்னிடமே கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தவில்லை. இதற்கெல்லாம் பயிற்சி எடுத்தவர்கள் கண்ணைத் தாழ்த்தமாட்டார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன்.

"எனக்கென்னண்டு தெரியும்?" என்றேன்.

மாலையில் மாவட்டப் பணிமனைக்குத் தொலைபேசி எடுத்து, எனக்கு வேறொரு உதவியாளர் வேண்டும் என்று கேட்டேன். காரணம் கேட்டார்கள். ஒத்துவரவில்லை என்றேன்.

மார்ச் 22, வியாழன்

விஜித வரவில்லை. பத்து நாளாக இல்லை. இராசமலர் அக்காவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்று நானே வங்கிக்குப் பின்னால் உள்ள அந்த அலுவலக வளவுக்குப் போனேன். பெயர்ப்பலகை இல்லை. வாசலில் நின்றவன் உள்ளே கேட்டுவிட்டு வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். இளம் வயது, கண்ணாடி, கையில் தேநீர்.

"விஜித என்று இங்கே யாரும் இல்லை, மிஸ்."

"வெள்ளை நாய் வைச்சிருந்தவர். எங்கட கந்தோருக்கு வந்தவர்."

"இங்கே நாயும் இல்லை."

அப்படியானால் என்னிடம் வந்தவர் யார்? நான் யாரோடு பேசினேன்? சேந்தனின் பல்லைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக்காரர் என் பெயரைக் கேட்கவில்லை. கேட்காமலே, "தமயந்தி மிஸ், வெயிலுக்குள் நடக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். களைந்த அரிசியை மறுபடி பெட்டிக்குள் கொட்டிவிட்டேன். பெட்டி அரிசி முழுவதும் ஈரம்.

ஏப்ரல் 3, செவ்வாய்

யோகதாசனுக்கு மன்னார்ப் பக்கம் மாற்றம் வந்துவிட்டது. மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம், மனைவிக்கு இங்கே தையல். சாவிகளை மேசையில் வைத்தார்.

"என்னிலை ஏதும் சந்தேகமெண்டா கேட்டிருக்கலாம், டொக்டர். நான் சொல்லியிருப்பன்."

"சந்தேகமெண்டு ஒண்டும் இல்லை."

"அப்ப சரி" என்றார். வாசலில் நின்று, "இராசமலர் அக்காவின்ரை பசுவுக்கு இடப் பக்கத்துக் காம்பில பாத்துக் கறக்கவேணும். அதிலை நோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவராகத்தான் இருக்க வேண்டும். வேறு யார்? ஆனால் போகும்போது காம்பைப் பற்றி ஏன் சொன்னார் என்பது விளங்கவில்லை.

ஏப்ரல் 14, சனி

புத்தாண்டு. காலையில் கோயிலுக்குப் போனேன். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். எனக்கு வழி விட்டார்கள். முன்பெல்லாம் இப்படி வழி விட்டதில்லை.

மாடுகளை இப்போது நான்தான் பார்க்கிறேன். காலையும் மாலையும் கறக்கிறேன். பாலைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தால், வாங்கும் பெண்கள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இராசமலர் அக்காவைப் பற்றிக்கூட. கறக்கும்போது மதுசனின் படம் எதிரே இருக்கிறது. கன்றை இடம் மாற்றிக் கட்டிவிட்டு, படத்துக்கு முதுகு காட்டி உட்காரப் பழகியிருக்கிறேன்.

ஏப்ரல் 26, வியாழன்

இராசமலர் அக்கா வந்துவிட்டார்.

தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்திருக்கிறார். நான் கொட்டிலில் இருந்தேன். சிவப்புப் பசுதான் முதலில் திரும்பிப் பார்த்தது. மிகவும் மெலிந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் அழுதேன், அவர் அழவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காராமல் தூணைப் பிடித்தபடி நின்றார். கன்றைப் பார்த்து, "வளந்திட்டார்" என்றார். அவ்வளவுதான்.

மே 2, புதன்

பால் வாளியோடு வீட்டுக்குள் போனேன். இராசமலர் அக்கா அடுப்படியில் இருந்தார். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.

"பிள்ளை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். கோவிச்சாலும் பரவாயில்லை."

இதுவரை என்னை டொக்டர் என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

"நீங்கள் மாறி வந்த கிழமையே அவர் என்னட்டை வந்தவர். அந்த வெள்ளை நாய்க்காரர். புது டொக்டர் ஆரோட பழகிறா, தம்பியைப் பற்றி என்ன கதைக்கிறா எண்டு பாத்துச் சொல்லச் சொன்னவர். சொன்னா மதுசனைப் பற்றி விசாரிச்சுத் தாறன் எண்டார். நானும் சொன்னனான். ஒவ்வொரு கிழமையும் சொன்னனான்."

என் கையில் வாளி இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"என்ன சொன்னீங்கள்?"

"நீங்கள் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை எண்டு சொன்னன். தம்பியை நினைச்சு அழுறனீங்கள் எண்டு சொன்னன். கொழும்புக்குக் கூப்பிட்டன், வரமாட்டன் எண்டிட்டா எண்டும் சொன்னன். கூடாமல் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. ஆனா சொன்னது சொன்னதுதானே. நீங்கள் எனக்கு மாடு பாத்தனீங்கள், நான் உங்களைப் பற்றிச் சொன்னன்."

யோகதாசன் இல்லை. யோகதாசன் இல்லவே இல்லை. அதுதான் முதலில் மனதில் ஓடியது.

"எங்கட பயணத்தைப் பற்றியும் கேட்டவர். போறம் எண்டதை மறைக்கேலாது, பதினைஞ்சு பேருக்குத் தெரிஞ்ச விசயம். அதால வியாழக்கிழமை எண்டு சொன்னன். புதன் விடிய வெளிக்கிட்டா, அவை வியாழன் றோட்டில நிக்கேக்க நாங்கள் அங்கை போய்ச் சேந்திடுவம் எண்டு நினைச்சன். அந்த ஒரு பொய்தான் அவருக்கு நான் சொன்னது." மடங்காத விரல்களைப் பார்த்தார். "உள்ளுக்கை வைச்சு அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவை. ஏன் வியாழன் எண்டு பொய் சொன்னனீ எண்டு."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவர் இறக்கவில்லை.

"புதன் எண்டதை நான் அந்தப் பெண்டுகளுக்கே செவ்வாய் பின்னேரந்தான் சொன்னனான். முதலே தெரிஞ்சது உங்களுக்கும் யோகதாசனுக்கும் மட்டும். மாடு பாக்கவேணும் எண்டு வந்து சொன்னன், ஞாபகமோ? யோகதாசன் அப்பிடிப்பட்ட ஆளில்லை எண்டுதான் நான் இண்டைக்கும் நினைக்கிறன். ஆனா நீங்கள் அவரை மாத்திப்போட்டீங்கள். உங்களுக்கு ஏதும் தெரிஞ்சுதான் மாத்தினனீங்களோ?"

"எனக்கும் ஒண்டும் விளங்கேல்லை அக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"சரி பிள்ளை. நாளையிலை இருந்து பாலை நானே கறக்கிறன். இந்த மூண்டு விரலும் காணும்."

மே 3, வியாழன்

மாட்டைப் பற்றித்தான் கேட்டார்.

மே 9, புதன்

கந்தோர். ஆடு இரண்டு, கோழிகளுக்கு அம்மை. புதிய உதவியாளர் வந்திருக்கிறார். நல்ல பிள்ளை போலிருக்கிறது. அவர் முன்னால் நான் தேவையில்லாமல் எதுவும் பேசுவதில்லை.

யோகதாசனின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. எடுத்து என்ன சொல்வது? "உங்களில் பிழையில்லை என்று தெரிந்துவிட்டது" என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார்.

விஜிதவுக்குப் புதன் என்று முன்பே தெரிந்திருக்கலாம். என்னைச் சோதிக்க மட்டும் கேட்டிருக்கலாம். அல்லது இராசமலர் அக்காவைச் சோதிக்க. பஸ் முன்பதிவில் தெரிந்திருக்கலாம். அந்தப் பெண்களில் ஒருத்தி செவ்வாய் இரவு சொல்லியிருக்கலாம். எத்தனையோ வழி இருக்கிறது. எந்த வழியென்று யாராலும் சொல்ல முடியாது.

மே 21, திங்கள்

முகாமிலிருந்து தொலைபேசி. வந்து தம்பியைக் கூட்டிப் போகலாம் என்றார்கள். யார் சொன்னது, எதனால் என்றெல்லாம் கேட்கவில்லை. பேசியவன் இலக்கத்தை வாசித்த மாதிரித்தான் இருந்தது. முறை வந்ததால் விட்டார்களா, வேறு எதற்காவதா? சந்தோசமாக இருக்கிறேன். சந்தோசமாகத்தான் இருக்க வேண்டும்.

மே 24, வியாழன்

சேந்தன் வந்துவிட்டான். கட்டிலில் படுக்கமாட்டானாம், நிலத்தில் பாய் போட்டுக்கொண்டான். வெளிச்சத்தை அணைக்க வேண்டாம் என்றான். நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறான். சின்ன வயதில் இப்படித்தான் என் பின்னால் திரிவான். இப்போது இருபத்தேழு வயது.

இராசமலர் அக்கா கேள்விப்பட்டுக் கோழிக் குழம்பு கொண்டுவந்தார். அவன் தலையைத் தடவி, "சாப்பிடு மோனை" என்றார். என்னோடும் பேசினார், எப்போதும் போலத்தான். எப்போதும் போலத்தானா என்று நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைக் கவனித்தது போல் இருந்தது.

மே 29, செவ்வாய்

சேந்தன் இன்று தனியாகக் கடை வரை போய்வந்தான். தீப்பெட்டியும் தேசிக்காயும். பெரிய வெற்றி. மிச்சக் காசை முகாமில் கணக்குக் காட்டுவது போல மேசையில் எண்ணி வைக்கப் போனவன், பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

ஜூன் 3, ஞாயிறு

ஒவ்வொரு ஞாயிறும் வங்கிக்குப் பின்னால் உள்ள வளவுக்குப் போய்ச் சேந்தன் கையெழுத்து வைக்க வேண்டும் என்று உத்தரவு. இன்று முதல் நாள். நானும் வருகிறேன் என்றேன், தனியாகத்தான் வரவேண்டுமாம். அவன் போனதிலிருந்து மூன்று தரம் முற்றம் கூட்டினேன். மதியத்துக்கு வந்துவிட்டான். உடம்பில் அடி இல்லை. கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தாராம், தேநீர் தந்தாராம், மரியாதையாகப் பேசினாராம்.

மீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கொஞ்சம் சாப்பிட்டான். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, இஞ்சை நீ ஆரோடயெல்லாம் பழகிறனீ?" என்றான்.

"ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான்."

அவன் பிசைவதை நிறுத்தவில்லை.

"குழம்பு கொண்டுவந்தவ, இராசமலர் அக்கா. அவ அடிக்கடி வாறவவோ? என்ன கதைக்கிறவ?"

"தம்பி, என்னைப் பற்றிக் கேட்டவையோ?"

அவன் கை நின்றது. தலையைக் குனிந்தான். கண்ணீர் தட்டில் விழுந்தது.

"அடுத்த ஞாயிறு வந்து சொல்லவேணுமாம். சொல்லாட்டில் திரும்ப ஏத்துவினமாம். நான் ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா. திரும்பப் போறதெண்டாலும் போறன்."

"விசர்க்கதை கதைக்காதே. சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு தெளிவாக வந்தது. இத்தனை மாதத்தில் என் மனம் இப்படித் தெளிந்திருந்ததே இல்லை.

"அவர் முதல்ல உன்ரை சுகத்தை விசாரிப்பார். சாப்பாட்டை விசாரிப்பார். அதுதான் கேள்வி, தம்பி. பிறகு கேக்கிறதெல்லாம் சும்மா. நீ வாயை மூடிக்கொண்டிருந்தா மறைக்கிறாய் எண்டு நினைப்பினம், அதால கதை. அக்கா வேலைக்குப் போறா, வாறா, சமைக்கிறா, ஆரோடயும் பெரிசா ஒட்டுறேல்லை எண்டு சொல்லு. என்னைப் பற்றி எவ்வளவும் சொல்லு. பெரிய பொய் சொல்லாதே, அது பிடிபடும். ஆனா எந்தக் கதையிலையும் ஒரு நாளின்ரை பேர் உன்ரை வாயில வரப்படாது. திங்கள், செவ்வாய் எண்டு எதுவும் வரப்படாது. இராசமலர் அக்காவின்ரை பேரை எடுத்தா, அவ இப்ப இஞ்சை வாறேல்லை, அக்காவுக்கும் அவவுக்கும் கோவம் எண்டு சொல்லு. அவர் நல்லாக் கதைப்பார். உனக்கு அவரைப் பிடிக்கவும் செய்யும். உனக்கு ஏதாவது செய்து தருவார், அதுக்கு நன்றி சொல்லவேணும் போல இருக்கும். அந்த நேரத்திலைதான் கவனமா இருக்கவேணும்."

சேந்தன் அழுகையை நிறுத்தியிருந்தான். தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகாமில் வலைக்கு அந்தப் பக்கம் இருந்து கூட அவன் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

"அக்கா," என்றான் மெல்ல, "உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றப் போனேன். கையை விரித்துத் தட்டை மறைத்துக்கொண்டான். பதிலுக்காகக் காத்திருந்தான்.